ஏர்சாஃப்ட் கன்ல ஸ்க்ரூ வர மாட்டேங்குதா? அறிகுறிய பாத்து கழட்டுற வழி

ஏர்சாஃப்ட்னா பிபிங்கிற குட்டி ப்ளாஸ்டிக் குண்ட சுடுற பொம்மை துப்பாக்கிய வச்சு விளையாடுற விளையாட்டு. எங்க டீம்ல ஒரு தம்பி செகண்ட் ஹேண்ட்ல வாங்கின எம்4 (அமெரிக்க ராணுவ துப்பாக்கி மாடல்) எலக்ட்ரிக் கன்ன தூக்கிட்டு வந்தான். ட்ரேசர் யூனிட் (பிபிய இருட்டுல ஒளிர வைக்கிறது) மாட்டணும், முன்னாடி குழாய் முனையில இருக்குற மூடி மாதிரி ஃப்ளாஷ் ஹைடர் மட்டும் கழல மாட்டேங்குதுண்ணேன்னு சொன்னான். பாத்தா ஹைடர் பூரா பைப் ரெஞ்ச் கடிச்ச தழும்பு. அவனும் அவங்க அண்ணனும் மாறி மாறி ரெண்டு நாள் திருகியிருக்காங்க, ரெண்டு பேரும் திருகுனது டைட் ஆகுற பக்கம், அது போக ஹைடர் அடியில பெயின்டுக்குள்ள ஒளிஞ்சிருந்த குட்டி கிரப் ஸ்க்ரூவ (தலை இல்லாம, ஆலன் கீ போட்டு திருகுற ஸ்க்ரூ) யாரும் தொடவே இல்ல. பேரல் முனையில மரை பாதி நசுங்கி போச்சு. 5 நிமிஷ வேலைக்கு ஒரு அவுட்டர் பேரலே (வெளிக் குழாய்) போயிடுச்சு, பாக்க எனக்கே மனசு கஷ்டமா இருந்துச்சு.

இத எழுதுறது அதுக்காகத்தான். ஒரு ஸ்க்ரூ வரலன்னா அதுக்கு ஏதோ ஒரு காரணம் இருக்கும், அந்த காரணம் தெரியுற வரைக்கும் கையில பலம் போடாதீங்க. தப்பான பிட், மரையில ஊத்துன லாக்டைட் (ஸ்க்ரூ கழலாம இருக்க போடுற பசை), துரு, உள்ள ஒளிஞ்சிருக்குற இன்னொரு ஸ்க்ரூ, தலைகீழ் மரை, நான் பாத்ததுல முக்காவாசி இந்த அஞ்சுல ஒண்ணுதான். ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற வேற, ஒண்ணுக்கு செய்யுற வைத்தியம் இன்னொண்ண கெடுக்கும். அதனால உங்க கன்ல என்ன நடக்குதுன்னு பாத்து அந்த பகுதிய படிங்க.

கைய வைக்கிறதுக்கு முன்னாடி

மேகசின (பிபி நிரப்புற பெட்டி) வெளிய எடுத்துடுங்க. செமியில (ஒரு அழுத்துக்கு ஒரு குண்டு) வச்சு பத்திரமான பக்கம் பாத்து ரெண்டு மூணு தடவ சுட்டுடுங்க, உள்ள மாட்டியிருக்குற பிபி போயிடும், ஸ்ப்ரிங்கும் தளர்ந்த நிலைக்கு வரும். அப்புறம் பேட்டரிய கழட்டி டேபிள்ல கூட வைக்காம தள்ளி வைங்க, சூடு போடுற வேலை இருந்தா லிப்போ பேட்டரி பக்கத்துல இருக்கவே கூடாது. கேஸ் கன்னா இருந்தா மேகசின்ல இருக்குற கேஸ காலி பண்ணிட்டு அந்த ரூம்லயே வைக்காதீங்க, க்ரீன் கேஸ்ங்கிறது புரொப்பேன்ல கொஞ்சம் சிலிக்கான் ஆயில் கலந்தது, நம்ம அடுப்பு கேஸ் மாதிரியே பத்திக்கும். கண்ணாடி போட்டுக்கோங்க, விளையாடும்போது போடுற அதே கண்ணாடி போதும், ட்ரில் போடும்போது பறக்குற தூளும் பஞ்ச் நுனி தெறிக்கிறதும் கண்ணுக்குத்தான் வரும்.

இன்னொண்ணு, அமெரிக்காவுல இறக்குமதியாகுற ஏர்சாஃப்ட் கன்னுக்கு முனையில ஆரஞ்சு கலர் இருக்கணும்னு சட்டம் இருக்கு, நிறைய கன்ல அந்த ஆரஞ்சு ஹைடர பசை போட்டு ஒட்டியிருப்பாங்க. ரிப்பேருக்கு கழட்டினாலும் திரும்ப அதே மாதிரி மாட்டுங்க. வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு அது பொம்மைன்னு சொல்ற ஒரே அடையாளம் அதுதான்.

ஸ்டார் பிட் வழுக்கி வழுக்கி மேல ஏறுது

இதுதான் அதிகமா கேக்குற கேள்வி. முதல் தடவ வழுக்கினதும் நிறுத்திடுங்க, அது ரொம்ப முக்கியம். ஒரு வழுக்கல்ல ஸ்க்ரூ தலைக்கு ஒண்ணும் ஆகாது, நாலாவது அஞ்சாவது வழுக்கல்லதான் ஓரம் எல்லாம் மழுங்கும், அதுக்கப்புறம் நல்ல டூல் வாங்கிட்டு வந்தாலும் பிடிக்க ஒண்ணும் மிச்சம் இருக்காது.

டோக்கியோ மாருய் மாதிரி ஜப்பான் கம்பெனி கன்னா முதல்ல ஸ்க்ரூ தலைய டார்ச் அடிச்சு பாருங்க. ப்ளஸ் குறிக்கு பக்கத்துல ஊசியால குத்துன மாதிரி ஒரு குட்டி புள்ளி இருந்தா அது ஜேஐஎஸ் ஸ்க்ரூ, ஜப்பானோட தர அளவு. பாக்க நம்ம ஊர் கடையில கிடைக்கிற ஸ்டார் ஸ்க்ரூ மாதிரியேதான் இருக்கும், ஆனா குழியோட வடிவம் கொஞ்சம் வேற. சாதாரண ஃபிலிப்ஸ் பிட்ட (நம்ம ஊர் ஸ்டார்) விட்டா நுனி அடியில போய் முட்டிக்கும், பக்கவாட்டு சுவருல சரியா உக்காராது. பிடிமானம் இல்லாம திருகினா ஏறி வரத்தான் செய்யும். புள்ளி இல்லன்னா ஜேஐஎஸ் இல்லன்னு உறுதியா சொல்ல முடியாது, ஆனா புள்ளி இருந்தா ஃபிலிப்ஸ் பிட்ட கீழ வச்சுடுங்க.

இதுக்கு ஜேஐஎஸ் அளவுல செஞ்ச டிரைவர் வாங்கணும், வெசல் கம்பெனியோடது எனக்கு பல வருஷமா உழைக்குது. அந்த டிரைவர் ஃபிலிப்ஸ் ஸ்க்ரூலயும் நல்லாவே வேலை செய்யும், அதனால ஒரே ஒரு செட்டுதான் வாங்குவேன்னா ஜேஐஎஸ் செட்டே வாங்குங்க.

அதுக்கு அடுத்து பிட் நம்பர். ஸ்க்ரூல எம்3, எம்4ங்கிறது மரையோட விட்டம் மில்லியில, எம்4 கன்னுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. எம்3ல இருந்து எம்5 வரைக்கும் உள்ள ஸ்க்ரூவுக்கு 2ம் நம்பர், அதுக்கு கீழ எம்2, எம்2.5க்கு எல்லாம் 1ம் நம்பர். ஏர்சாஃப்ட் கன்ல நிறைய ஸ்க்ரூ எம்3, பாக்க சின்னதா இருக்குதேன்னு மொபைல் ரிப்பேர் செட்ல இருக்குற 1ம் நம்பர விட்டு திருகுவாங்க, அதுவும் உள்ள போகும், ஆடும், தலைய தின்னுடும். டிரைவர உள்ள விட்டு லேசா ஆட்டிப் பாருங்க, லொடலொடன்னு இருந்தா அளவு தப்பு.

அடுத்தது எப்படி திருகுறோம்ங்கிறது. ஜப்பான் பட்டறையில புதுசா வர்றவனுக்கு சொல்லிக் குடுக்குற கணக்கு ஒண்ணு இருக்கு, 7 பங்கு அமுக்கு, 3 பங்கு திருப்பு. நம்மள்ல நிறைய பேர் இத தலைகீழா செய்யுறோம். கன்ன டேபிள்ல ஒரு துணி மேல படுக்க வச்சு, ஸ்க்ரூவுக்கு நேர் மேல உடம்ப கொண்டு வந்து, தோள்பட்ட பலத்த செங்குத்தா இறக்கி, அப்புறம் மெதுவா திருப்புங்க. மடியில வச்சுட்டு சாய்ஞ்ச வாக்குல திருகுறது தலைய கெடுக்க சுலபமான வழி.

எம்4 கிரிப் ஸ்க்ரூல இந்த சாய்வு பிரச்சனை தானாவே வரும். அடியில மோட்டார் ப்ளேட்ட கழட்டி மோட்டார எடுத்தப்புறம், கிரிப்ப கியர்பாக்ஸோட பிடிக்கிற ஸ்க்ரூ கிரிப்புக்குள்ள ஆழத்துல இருக்கும். குட்டையான பிட்ட ஒரு தடிச்ச ஹோல்டர்ல மாட்டி விட்டா ஹோல்டர் கிரிப்போட உள்சுவருல இடிக்கும், பிட் சாஞ்சுதான் உக்காரும், நீங்க எவ்வளவு அமுக்கினாலும் வழுக்கும். கம்பி நீளமா மெலிசா இருக்குற முழு டிரைவர் வேணும். ஸ்டாக் (தோள்ல வைக்கிற கட்டை) ட்யூபுக்குள்ள இருக்குற நீளமான ஸ்க்ரூவுக்கும் இதே கதைதான்.

எல்லாம் சரியா இருந்தும் லேசா வழுக்குதுன்னா, எஞ்சின் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் ஆட்டோமொபைல் கடையில கிடைக்கும், நுனியில ஒரு பொட்டு தடவி திருகுங்க, அதுல இருக்குற மணல் மாதிரி துகள் பிடிமானம் குடுக்கும். ரப்பர் பேண்ட பிட்டுக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவுல வைக்கிற வித்தை ஸ்க்ரூ லூசா இருந்து தலை மட்டும் மழுங்கியிருந்தா உதவும், டைட்டா இருக்குற ஸ்க்ரூவுக்கு அது வெறும் கண் துடைப்பு.

தலை வெளிய துருத்திட்டு இருக்குற ஸ்க்ரூன்னா பிட்டே வேணாம், எஞ்சினியர்னு ஒரு ஜப்பான் கம்பெனி நேஜி-சாரஸ்னு ஒரு பிளையர் செய்யுறாங்க, தாடையில நெடுக்கு வாக்குல பல்லு இருக்கும், ஸ்க்ரூ தலைய சுத்தி கடிச்சு பிடிச்சு திருகிடலாம். ரவுண்டு தலை ஸ்க்ரூவுக்கு இத விட நல்ல டூல் நான் பாத்ததில்ல.

அசையவே இல்ல, பிட்டு நல்லா பிடிக்குது ஆனா கல்லு மாதிரி இருக்கு

பிட்டு பிடிக்குதுன்னா பிரச்சனை மரைக்குள்ள. லாக்டைட்டா துருவான்னு முதல்ல பாருங்க. ஸ்க்ரூ தலை ஓரத்துலயோ பக்கத்துல ஏற்கனவே கழட்டின ஸ்க்ரூ மரையிலயோ நீலமா சிவப்பா பொடி மாதிரி ஒட்டியிருந்தா லாக்டைட். காவி கலர்ல கறை, இல்ல அலுமினியம் பக்கத்துல வெள்ளையா பூத்த மாதிரி இருந்தா அது துரு, அரிப்பு.

நிறைய பேர் இங்கதான் டபிள்யூடி-40 டப்பாவ எடுத்து கன் மேல பூரா அடிச்சு விடுவாங்க. லாக்டைட்டுக்கு அது ஒண்ணும் செய்யாது. காத்து படாத இடத்துல உலோகத்தோட சேந்து கெட்டியாகி ப்ளாஸ்டிக் மாதிரி ஆன பொருள் அது, எண்ணெயில கரையாது. ஆனா அந்த எண்ணெய் வழிஞ்சு ஹாப்-அப் ரப்பருக்கு (பிபிய சுழல விட்டு நேரா தூரமா போக வைக்கிறது) போனா ரப்பர் ஊதிப்போயிடும், பிபி இஷ்டத்துக்கு போகும்.

லாக்டைட்டுக்கு சூடுதான் மருந்து. நீலம் வழக்கமா கை டூலாலயே கழலும், கொஞ்சம் சூடு காட்டினா இன்னும் சுலபம். சிவப்புதான் பிடிவாதம், அது இளக 250 டிகிரி பக்கம் போகணும். இப்ப உங்க கன் என்ன பொருள்னு யோசிங்க. ஏபிஎஸ் ப்ளாஸ்டிக் 100 டிகிரிய தாண்டினாலே தொய்ய ஆரம்பிச்சுடும். அதனால பாடி மேல ஹீட் கன் காட்டுறதோ லைட்டர் காட்டுறதோ வேணவே வேணாம், சூடு ஸ்க்ரூவுக்கு மட்டும் போகணும். சோல்டரிங் அயர்ன எடுத்து 350 டிகிரியில வச்சு, நுனிய சுத்தம் பண்ணி, ஸ்க்ரூ தலைக்குள்ள அழுத்தி எம்3க்கு அரை நிமிஷத்துல இருந்து ஒரு நிமிஷம் பிடிங்க. எடுத்த உடனே, ஆறுறதுக்கு முன்னாடி, பிட்ட விட்டு திருப்புங்க. சின்ன ஸ்க்ரூ சூடு நிக்காது, டிரைவர தேடிட்டு இருந்தீங்கன்னா அதுக்குள்ள திரும்ப பிடிச்சுக்கும். ஒரே தடவையில வரலன்னா ரெண்டு மூணு தடவ செய்யுங்க. ஸ்க்ரூ ப்ளாஸ்டிக்ல நேரா ஏறியிருந்தா இந்த வித்தைய 5, 6 செகண்டுக்கு மேல செய்யாதீங்க, ப்ளாஸ்டிக் மரையே உருகிடும்.

துருவா இருந்தா எண்ணெய்க்கு இப்ப வேலை இருக்கு, ஆனா டப்பாவுல இருந்து பீச்சாதீங்க, ஒரு ஊசி நுனியில தொட்டு ஒரு சொட்டு மரை ஓரத்துல வைங்க, ராத்திரி பூரா விடுங்க. காலையில டிரைவர் பின்பக்கத்துல சின்ன சுத்தியால டொக் டொக்னு நாலு தட்டு, அந்த அதிர்வுல எண்ணெய் உள்ள இறங்கும். தட்டும்போது ஒண்ணு ஞாபகம் வைங்க, நிறைய கன்னோட மெட்டல் பாடி ஸிங்க் கலவை வார்ப்பு, அது இரும்பு மாதிரி வளையாது, பலமா அடிச்சா பொட்டுனு விரிசல் விடும். அடிக்கிற இடத்துக்கு நேர் கீழ மரக்கட்டை முட்டு குடுத்துட்டு தட்டுங்க. எண்ணெய்க்கு பதில் அசிட்டோன் கலந்த கலவை சிலர் சொல்லுவாங்க, அசிட்டோன் ஏபிஎஸ்ஸ கரைச்சுடும், கன் பக்கமே கொண்டு போகாதீங்க.

எனக்கு ரொம்ப பிடிச்ச முறை மெழுகு. அயர்னால ஸ்க்ரூவ சூடாக்கி மரை ஓரத்துல மெழுகுவர்த்திய தொட்டா உருகி தானா உள்ள உறிஞ்சிக்கும். வழியாது, ரப்பர் பக்கம் ஓடாது, ஆறினதும் அங்கேயே கெட்டியா நிக்கும்.

துருவோ லாக்டைட்டோ, கழட்டுற பக்கம் திருப்புறதுக்கு முன்னாடி டைட் பண்ற பக்கம் ஒரு மயிரிழை திருப்பிப் பாருங்க. பிடிச்சிருக்குற பிடி உடையுறதுக்கு எந்தப் பக்கம் அசைஞ்சாலும் போதும். அப்புறம் முன்ன பின்ன, முன்ன பின்னன்னு கொஞ்சம் கொஞ்சமா வாங்க.

ஃப்ளாஷ் ஹைடர் வரல

தம்பியோட கதை இதுதான். ஏர்சாஃப்ட்ல நிறைய கன்னுக்கு முனையில 14 மில்லி தலைகீழ் மரை, கடைக்காரங்க 14 மைனஸ்னு சொல்லுவாங்க. நிஜ ஏகேஎம் துப்பாக்கியோட முனையிலயும் 14 மில்லி இடது மரைதான். ஆனா எம்4 மாதிரி நிஜ ஏஆர் துப்பாக்கியில நேர் மரை, அதனாலதான் எம்4னு பாத்ததும் வழக்கமான பக்கம் திருகி குழப்பிக்கிறாங்க. எல்லா ஏர்சாஃப்ட் கன்னும் மைனஸ் கிடையாது, சிலதுல 14 ப்ளஸ் வரும், உங்க மாடல் எதுன்னு மேனுவல்ல பாத்துக்கோங்க.

மைனஸ் மரைய கழட்ட, முனை உங்கள பாத்து இருக்குறப்ப கடிகார முள்ளு சுத்துற பக்கம் திருப்பணும். மறுபடியும் சொல்றேன், மேகசின் பேட்டரி ரெண்டும் வெளிய எடுத்தப்புறம்தான் முனைய உங்க பக்கம் திருப்பணும்.

திருப்புறதுக்கு முன்னாடி கிரப் ஸ்க்ரூ. ஹைடரோட அடிப்பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், சில சமயம் பெயின்ட் மூடியிருக்கும், சில சமயம் அழுக்கு. டார்ச் அடிச்சு சாய்வா பாருங்க, சந்தேகம் இருந்தா ஊசியால சுரண்டிப் பாருங்க. ஆலன் கீ விடுறதுக்கு முன்னாடி அந்த குழிய ஊசியால சுத்தமா தோண்டி எடுக்கணும், அடியில பெயின்ட் இருந்தா கீ பாதிதான் இறங்கும், பாதி இறங்கின கீதான் குழிய உருண்டையாக்கும். எம்3 கிரப் ஸ்க்ரூவுக்கு 1.5 மில்லி கீ, எம்4க்கு 2 மில்லி. இன்ச் செட்ல இருக்குற 1/16 கீ 1.59 மில்லி, 1.5 குழியில இறங்கவே இறங்காது, 5/64 வந்து 1.98, அது 2 மில்லி குழியில போகும் ஆனா லேசா ஆடும். கிரப் ஸ்க்ரூவ லூசாக்கினா மட்டும் போதாது, முழுசா வெளிய எடுத்துடுங்க, நுனி மரைய உரசிட்டே இருந்தா ஹைடர் வரும்போது மரைய உழுதுட்டு வரும்.

அப்புறம் எங்க பிடிக்கிறோம்ங்கிறது. பாடிய ஒருத்தர் கட்டிப்பிடிச்சுக்க முனைய இன்னொருத்தர் திருகினா அந்த பலம் பூரா பேரல் வழியா பாடியோட முன் கழுத்துக்கு போகும், ஸிங்க் பாடியில முறியுற இடம் அதுதான். அவுட்டர் பேரல, ஹைடருக்கு முடிஞ்ச வரைக்கும் கிட்டத்துல, வைஸ்ல பிடிங்க. வைஸ் தாடைக்கும் பேரலுக்கும் நடுவுல பழைய சைக்கிள் ட்யூப் இல்ல தோல் துண்டு ரெண்டு சுத்து. அப்பர (பாடியோட மேல் பாதி) பிரிச்சு, ஹாப்-அப்போட இன்னர் பேரல (பிபி போற உள் குழாய்) பின்னாடி பக்கமா உருவி வெளிய எடுத்து வச்சுடுங்க, நசுங்கவும் நசுங்காது, சூடு போட்டாலும் ரப்பருக்கு ஒண்ணும் ஆகாது. ஹாப்-அப் ரப்பர் மாத்துறதுக்காகத்தான் ஹைடர கழட்டுறீங்கன்னா இந்த மாதிரி எம்4ல அதுக்கு அவசியமே இல்ல, அது பின்னாடி வழியா வந்துடும்.

சூடு போடுறதா இருந்தா எது என்ன உலோகம்னு ஒரு காந்தம் வச்சு பாருங்க. அலுமினியம் சூட்டுல இரும்ப விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும். ஹைடர் அலுமினியம், பேரல் இரும்புன்னா மொத்தமா சூடாக்கலாம், வெளிய இருக்குறது விரிஞ்சு விட்டுக் குடுக்கும். ஹைடர் இரும்பு, பேரல் அலுமினியம்னா மொத்தமா சூடாக்கினா உள்ள இருக்குறது விரிஞ்சு இன்னும் இறுகும், அப்ப ஹைடர மட்டும் வேகமா சூடாக்கி பேரலுக்கு சூடு பரவுறதுக்குள்ள திருப்பணும்.

கிரப் ஸ்க்ரூவே வரலன்னா? சொல்றேன்.

ஆலன் குழி உருண்டையாயிடுச்சு

டார்க்ஸ் பிட் எடுங்க, நம்ம ஊர்ல ஸ்டார்னு சொல்ற ப்ளஸ் பிட் இல்ல இது, ஆறு முனை பூ மாதிரி இருக்குமே அது. 1.5 மில்லி குழிக்கு டி6, 2 மில்லிக்கு டி8, 2.5க்கு டி10, 3 மில்லிக்கு டி15. எல்லாமே குழிய விட ஒரு துளி பெருசு, அதனால சின்ன சுத்தியால தட்டி இறக்கணும், அடியில மரக்கட்டை முட்டு கட்டாயம். இறங்கி பிடிச்சதும் ஆட்டாம நேரா அமுக்கி மெதுவா திருப்புங்க. லாக்டைட் இருந்தா முதல்ல சூடு, அப்புறம்தான் டார்க்ஸ், ஏன்னா இந்த வித்தைக்கு ஒரு வாய்ப்புதான். டி6 எல்லாம் ரொம்ப மெலிசு, பலம் போட்டா பிட்டு நுனி உள்ளேயே முறிஞ்சிடும், அது ஸ்க்ரூவ விட கெட்டியான இரும்பு, அப்புறம் ட்ரில்லும் இறங்காது.

இதுவும் ஆகலன்னா பழைய ஆலன் கீய எடுத்து ஸ்டீல் எபாக்சி பசையால குழியில ஒட்டிடுங்க. ரெண்டையும் முதல்ல அசிட்டோன் தொட்ட பஞ்சால எண்ணெய் போக துடைங்க (உலோக பார்ட்டுக்கு மட்டும், தனியா கழட்டி வச்சு), பசைய மரை பக்கம் வழியாம ஒரு பொட்டு மட்டும் வச்சு முழு ஒரு நாள் விடுங்க. சூட்டுக்கு இந்த பசை விட்டுடும், அதனால சூடு போட்டு பாக்குறத இதுக்கு முன்னாடியே முடிச்சிருக்கணும்.

ட்ரில் போடலாமான்னு கேப்பீங்க. கிரப் ஸ்க்ரூ சாதாரண ஸ்க்ரூ மாதிரி இல்ல, ரொம்ப கெட்டியா பதம் போட்ட எஃகு. சாதாரண ட்ரில் பிட் அது மேல வழுக்கி பக்கத்துல இருக்குற மெத்து அலுமினியத்துக்குள்ள இறங்கிடும். கோபால்ட் பிட், ட்ரில் ஸ்டாண்ட் ரெண்டும் இருந்தா மட்டும் இறங்குங்க. ஹைடர்ல மாட்டின கிரப் ஸ்க்ரூன்னா என் யோசனை வேற, ஹைடர அறுத்துடுங்க. ஹைடர் விலை கம்மி, பேரல் விலை அதிகம். டிரெமல்ல (கையில பிடிக்கிற சின்ன சுத்துற மெஷின்) கட்டிங் வீல் போட்டு கிரப் ஸ்க்ரூ இருக்குற கோட்டுல நெடுக்கா, மரைக்கு ஒரு மயிரிழை மேல வரைக்கும் அறுத்து, அந்த வெட்டுல தட்டை டிரைவர விட்டு நெம்பினா பிளந்துக்கும். அதிகமா யோசிச்சு பேரலயும் சேத்து கெடுத்தவங்கள நான் பாத்திருக்கேன்.

சுத்துது சுத்துது, வெளிய வர மாட்டேங்குது

இதுக்கு பலம் போட்டு ஒரு பிரயோஜனமும் இல்ல. மூணு விஷயம் இருக்கலாம். பின்பக்கத்துல நட்டு இருந்து அதுவும் சேந்து சுத்தலாம், சில கன்ல பாடி பின் ரெண்டு துண்டா வந்து நடுவுல ஒண்ணுக்குள்ள ஒண்ணு திருகியிருக்கும், ஒரு பக்கம் திருகினா முழுசும் சுத்தும். எதிர்ப்பக்கம் திருப்பி பாத்து அங்கேயும் குழி இருந்தா ரெண்டு டிரைவர் ரெண்டு பக்கமும் வச்சு ஒண்ண பிடிச்சு ஒண்ண திருப்புங்க.

இல்லன்னா ப்ளாஸ்டிக்ல மரை போயிருக்கும். ஸ்க்ரூ தலைக்கு அடியில மெலிசான ப்ளேடு நுனிய சொருகி மேல தூக்கின மாதிரியே வச்சுட்டு திருப்புங்க, மிச்சம் இருக்குற மரையில ஏறி வந்துடும். பாடிய ரெண்டா பிரிக்கிற இடம்னா ரெண்டு பாதியையும் லேசா விரிச்சு பிடிச்சாலும் அதே இழுப்பு கிடைக்கும்.

மூணாவது, ப்ளாஸ்டிக்குள்ள பதிச்சிருக்குற பித்தளை இன்சர்ட் (உள்ள மரை இருக்குற குட்டி வளையம்) கழண்டு ஸ்க்ரூவோட சேந்து சுத்துறது. ஓரத்துல பித்தளை தெரிஞ்சா மூக்கு பிளையரால பிடிங்க. தெரியலன்னா ஸ்க்ரூவ சூடாக்குங்க, சூடு பித்தளைக்கு பரவி சுத்தி இருக்குற ப்ளாஸ்டிக் கொஞ்சம் இளகும், அப்படியே தொடாம ஆற விட்டா இன்சர்ட் திரும்ப பிடிச்சுக்கும், நல்லா ஆறினப்புறம் திருப்பினா ஸ்க்ரூ மட்டும் வரும். லாக்டைட்டுக்கு சூடு ஆறுறதுக்கு முன்னாடி திருப்பணும், இதுக்கு ஆறினதுக்கு அப்புறம். இத மாத்தி செஞ்சா இன்சர்ட்டே பிடுங்கிட்டு வந்துடும்.

பின் வரல

ட்ரிகர் கார்டு பின், போல்ட் கேட்ச் பின் எல்லாம் பல கன்ல ரோல் பின், சுருட்டின தகடு மாதிரி நடுவுல ஓட்டை இருக்கும். ஆணிய வச்சு அடிச்சா நுனி அந்த ஓட்டைக்குள்ள இறங்கி பின்ன விரிச்சு இன்னும் இறுக்கிடும். பின் அளவுக்கே உள்ள பஞ்ச் வேணும், நுனியில குமிழ் இருக்குற ரோல் பின் பஞ்ச் இருந்தா இன்னும் நல்லது. ட்ரிகர் கார்டு காதுக்கு அடியில கட்டை முட்டு குடுக்காம அடிச்சா காது ஒடிஞ்சு கையில வந்துடும், இது ரொம்ப நடக்குற விஷயம். முழு பின்னுல ஒரு முனையில மட்டும் கோடு கோடா பல்லு இருந்தா, பல்லு இல்லாத பக்கம் இருந்து அடிச்சு பல்லு இருக்குற பக்கமா வெளிய தள்ளுங்க.

தலை உடைஞ்சு போச்சு, இல்ல சுத்தமா மழுங்கிடுச்சு

முதல் வேலை கன்ன மூடுறது. மோட்டாருக்குள்ள காந்தம் இருக்கு, இரும்புத் தூள் பறந்தா நேரா அங்கதான் போய் ஒட்டும், அப்புறம் கியர் க்ரீஸ்ல கலந்து அரைக்கும். மோட்டார எடுத்துட முடிஞ்சா எடுத்து வேற ரூம்ல வைங்க, மிச்ச ஓட்டை எல்லாத்தையும் மாஸ்கிங் டேப் போட்டு ஒட்டுங்க.

தலை வெளிய தெரியுதுன்னா டிரெமல்ல ஒரு காடி வெட்டி தட்டை டிரைவர் போடுங்க. குழிக்குள்ள இருக்குற தலைன்னா, எம்3க்கு 3.2 மில்லி பிட்டால தலைய மட்டும் ட்ரில் பண்ணுங்க, தலை தனியா கழண்டு பிட்டோட சுத்தும், அங்க நிறுத்திடுங்க. மேல இருக்குற பார்ட்ட தூக்கினா ஸ்க்ரூ தண்டு நீட்டிட்டு நிக்கும், தலையோட இழுப்பு போயிட்டதால அது பாதி லூசாயிருக்கும், லாக்கிங் பிளையரால பிடிச்சா அனேகமா கையோட வந்துடும்.

தண்டு உள்ளேயே முறிஞ்சிருந்தா இடது பக்கம் சுத்துற ட்ரில் பிட் வாங்கி, நடுவுல பஞ்ச் வச்சு குறிச்சு, ட்ரில்ல ரிவர்ஸ்ல போட்டு மெதுவா இறக்குங்க, ஓட்டை போடும்போதே பல சமயம் பிடிச்சு வெளிய சுத்திட்டு வந்துடும். எக்ஸ்ட்ராக்டர (உடைஞ்ச ஸ்க்ரூவுக்குள்ள இறக்கி திருகி எடுக்குற டூல்) எம்3லயும் அதுக்கு கீழயும் நான் தொட மாட்டேன், அவ்வளவு மெலிசான எக்ஸ்ட்ராக்டர் உள்ளேயே முறிஞ்சா அதுக்கு மேல வீட்டுல செய்ய ஒண்ணும் கிடையாது.

கழண்டுடுச்சு, ஆனா புது ஸ்க்ரூ போட்டா நிக்கல

பழைய ஸ்க்ரூவ திரும்ப போடாதீங்க, ஒரு தடவ மழுங்கினது அடுத்த தடவ கண்டிப்பா படுத்தும். அதே எம் அளவு, அதே நீளம் பாத்து வாங்குங்க, ரெண்டு மில்லி நீளம் கூடினா கியர்பாக்ஸுக்குள்ள போய் எதையாவது முட்டும். உலோகத்துல உலோகம் ஏறுற இடத்துக்கு மட்டும் நீல லாக்டைட் ஒரு பொட்டு, ப்ளாஸ்டிக் பக்கம் வேணாம், ஏபிஎஸ்ஸும் பாலிகார்பனேட்டும் அதுக்கு விரிசல் விடும். அலுமினியத்துல ஏறுற இரும்பு ஸ்க்ரூவுக்கு லாக்டைட் வேணாம்னா கொஞ்சம் க்ரீஸ் தடவுங்க, ஈரம் பட்டாலும் பிடிச்சுக்காது.

உலோகத்துல மரை போயிருந்தா, சுவரு தடிமன் இருந்தா எம்3 ஓட்டைய 3.3 மில்லிக்கு ட்ரில் பண்ணி எம்4 மரை போட்டுடலாம். தடிமன் இல்லாத இடத்துக்கு ஹெலிகாயில்னு கம்பிச்சுருள் இன்சர்ட் வருது, பழைய எம்3 ஸ்க்ரூவே போடலாம். ப்ளாஸ்டிக்னா மரை போன ஓட்டையில எபாக்சிய நிரப்பி, ஸ்க்ரூ மரையில மெழுகு நல்லா தடவி சும்மா உள்ள வச்சு விட்டுடுங்க, திருக வேணாம். மறுநாள் கெட்டியானதும் திருப்பி வெளிய எடுத்தா மெழுகு தடவுன இடத்துல ஒட்டாம மரை அப்படியே அச்சா பதிஞ்சிருக்கும். அத டைட் பண்ணும்போது ரெண்டு விரலால டிரைவர பிடிச்சு, நின்ன இடத்துல விட்டுடுங்க.